சான்றுக்குறிப்பிலிருந்து திரும்பி வரும் வழி

ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கண்ணால் படிப்பவர் ஒரு சான்றுக்குறிப்பை எதிர்கொள்ளும்போது செய்வது மிகச் சிறிய காரியம். “[12]” என்ற எண் கண்ணில் படுகிறது. வேண்டாம் என்றால் பார்வை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. வேண்டும் என்றால் அவர் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பன்னிரண்டாவது பதிவைப் பார்த்துவிட்டு, விரலை வைத்திருந்த பக்கத்துக்குத் திரும்பி, விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார். அதே கட்டுரையைத் திரைவாசிப்பான் மூலம் காதால் கேட்பவருக்கும், பிரெய்ல் காட்டியில் விரலால் தடவிப் படிப்பவருக்கும் இந்தச் சிறிய காரியம் பல படிகள் கொண்ட வேலையாகிவிடுகிறது. அவர்களிடம் உரை ஒரே வரிசையாக வந்துசேர்கிறது. அந்த வரிசையை விட்டு விலகினால், விலகிய இடத்தை ஆவணம்தான் அவர்களுக்காக நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆய்வேடுகளையும் இதழ்க் கட்டுரைகளையும் லாடெக் என்ற ஆவண உருவாக்க மென்பொருளில் அச்சுக்கோப்பது என் வேலை. படங்களுக்கு மாற்று உரை எழுதுவது பற்றியும் தலைப்புகளை முறையாகக் குறியிடுவது பற்றியும் இப்போது நிறையப் பேசப்படுகிறது. ஆனால் ஆய்வெழுத்தின் உயிர்நாடியான சான்றுக்குறிப்புக்கும் துணைநூற்பட்டியலுக்கும் அந்தப் பேச்சில் கடைசி இடமே கிடைக்கிறது. ஆகவே அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில், காதில் என்ன விழுகிறது என்பதைப் பார்ப்போம். சதுர அடைப்புக்குள் இருக்கும் எண் எப்படி ஒலிக்கும் என்பது, பயனர் தம் திரைவாசிப்பானை நிறுத்தற்குறிகளை எந்த அளவுக்கு வாசிக்கும்படி அமைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எல்லாக் குறிகளையும் வாசிக்கச் சொல்லியிருந்தால், அடைப்பு திறந்ததும் மூடியதும் சொல்லப்பட்டு ஒவ்வொரு முறையும் வாக்கியம் இரண்டாக வெட்டப்படும். குறைவாக வாசிக்கச் சொல்லியிருந்தால் அடைப்புகள் மறைந்து எண் மட்டும் வாக்கியத்துக்குள் விழும். “இம்முடிவு முந்தைய ஆய்வுகளில் [12] உறுதிப்பட்டது” என்று எழுதியது, “முந்தைய ஆய்வுகளில் பன்னிரண்டு உறுதிப்பட்டது” என்று கேட்கும்போது பொருளே மாறிவிடுகிறது: பன்னிரண்டு ஆய்வுகள் உறுதிப்படுத்தினவா, பன்னிரண்டாம் சான்று உறுதிப்படுத்தியதா என்று கேட்பவர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மேலெழுத்தாக எண்ணை இடும் பாணி இதைவிட மோசமானது. எது தலைப்பு, எது பட்டியல் என்ற கட்டமைப்பு குறியிடப்படாத பிடிஎஃப் கோப்பில் மேலெழுத்து என்பது சற்றுச் சிறியதாக, சற்று உயர்த்தி வைக்கப்பட்ட ஓர் எழுத்துரு வடிவம் மட்டுமே. உயர்த்தியதற்கு ஒரு காரணம் இருந்தது என்ற செய்தி கோப்பில் எங்கும் இல்லை. 1998 என்ற ஆண்டின் தோளில் 3 என்ற சான்றெண் அமர்ந்திருந்தால், திரைவாசிப்பான் அதைப் பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் படிக்கும். அளவீடுகள் நிறைந்த மருத்துவக் கட்டுரைகளில் இந்தப் பாணி பரவலாக வழங்குகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இதை வெறும் அழகியல் தேர்வு என்று ஒதுக்க முடியாது. “[3–7]” என்று எண்களைச் சுருக்கி எழுதும் வழக்கத்திலும் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. லாடெக்கின் வழக்கமான தொகுப்புகள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) இவ்வாறு சுருக்கும்போது மூன்றுக்கும் ஏழுக்கும் மட்டுமே இணைப்பு அமைகிறது. நடுவில் உள்ள நான்கு, ஐந்து, ஆறு ஆகியவற்றுக்குப் போக வழியே இல்லை. கண்ணால் படிப்பவர் பட்டியலில் ஐந்தாவதைத் தாமே தேடிக்கொள்வார். இணைப்பைப் பிடித்துக்கொண்டு மட்டுமே நகரக்கூடியவருக்கு அந்த மூன்று சான்றுகளும் கைக்கு எட்டாமல் போகின்றன.

இதனால்தான் எண் பாணியைவிட ஆசிரியர் பெயரும் ஆண்டும் சேர்ந்த பாணியை நான் விரும்புகிறேன். துறையை அறிந்த வாசகருக்குப் பெயரையும் ஆண்டையும் கேட்டவுடனே எந்த ஆய்வு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பட்டியலுக்குப் போய்வர வேண்டிய தேவை பாதி வேளைகளில் எழுவதே இல்லை. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஒரே வாக்கியத்தின் நடுவில் எட்டு ஆய்வுகளைப் பெயர், ஆண்டு எனக் கோத்துவைத்தால், கண் அதை ஒரே தாவலில் கடந்துவிடும். காதால் கேட்பவரோ எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே அந்தப் பதினாறு துண்டுகளையும் முழுவதும் கேட்டுத் தீர வேண்டும். ஆகவே எழுதுபவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. முதன்மையான ஒன்றிரண்டு ஆசிரியர்களை வாக்கியத்தின் உறுப்பாகவே எழுதிவிட்டு, மற்ற சான்றுகளை வாக்கியத்தின் இறுதியில் ஒரே தொகுப்பாக வைத்தால், கேட்பவர் முழுக் கருத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு அந்தத் தொகுப்பைத் தாண்டிப் போகலாம். அச்சுக்கோப்பவர் என்ன செய்தாலும் ஈடுகட்ட முடியாத இடம் இது.

இனி, பட்டியலுக்குப் போகும் வழி. லாடெக்கில் இணைப்புகளை அமைக்கும் ஹைப்பர்ரெஃப் தொகுப்பைச் சேர்த்தால் ஒவ்வொரு சான்றுக்குறிப்பும் இணைப்பாக மாறுகிறது என்பதால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பழைய வகை பிடிஎஃப் இணைப்பு குறிப்பிடுவது ஒரு பக்கத்தையும் அப்பக்கத்தில் ஓர் ஆயத்தொலைவையும்தான். அது திரையை அந்த இடத்துக்கு நகர்த்துகிறது. வாசிக்கும் குறிமுள்ளும் கூடவே நகர்ந்ததா என்பது வேறு கேள்வி. பல வேளைகளில் குறிமுள் அந்தப் பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும், அங்கிருந்து பன்னிரண்டாம் பதிவு வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கவே 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரநிலை, பக்கத்தின் ஆயத்தொலைவுக்குப் பதிலாக ஆவணத்தின் கட்டமைப்பு உறுப்பு ஒன்றையே சேருமிடமாகக் குறிக்க வழிசெய்தது. அதன்மேல் எழுந்த, மாற்றுத்திறனாளிகளும் படிக்க இயலும்படி செய்வதற்கான அணுகல்தன்மைத் தரநிலையான பிடிஎஃப்/யுஏ-2, 2024-இல் ஐஎஸ்ஓ 14289-2 என்ற எண்ணோடு வெளியானபோது, ஆவணத்துக்குள்ளேயே செல்லும் இணைப்புகள் இவ்வகைச் சேருமிடத்தையே கொண்டிருக்க வேண்டும் என்று விதித்தது. என் பார்வையில் இந்தத் துறையில் அண்மையில் நிகழ்ந்த மிக நல்ல மாற்றம் இதுதான். “பக்கம் 214, மேலிருந்து இவ்வளவு தொலைவு” என்பதற்கும் “பன்னிரண்டாம் பதிவு” என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கோப்பே அறிந்துகொள்கிறது.

இணைப்புக்கு விளக்கம் எழுதுவதில் ஒரு நிதானம் வேண்டும். முந்தைய தரநிலையான பிடிஎஃப்/யுஏ-1 ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு மாற்று விளக்கத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. அதைப் பார்த்துவிட்டு, சான்றின் முழு விவரத்தையும், அதாவது ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் என எல்லாவற்றையும் விளக்கத்தில் அடைத்துவிட்டால் வாசகர் பட்டியலுக்குப் போகவே வேண்டாமே என்று சிலர் நினைக்கிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் கட்டுரை முழுதும் பரவியிருக்கும் நூறு சான்றுக்குறிப்புகளும் நூறு நீண்ட பதிவுகளாக ஒலிக்கத் தொடங்கினால் கட்டுரையின் வாதம் அவற்றுக்கு அடியில் புதைந்துபோகும். எண் பாணியில் அமைந்த ஆவணத்துக்கு “சான்று 12” என்பதோ, ஆசிரியர் பெயரும் ஆண்டுமோ போதும். பிரெய்ல் காட்டியில் படிப்பவரையும் மறக்கலாகாது. நாற்பது கட்டங்களே கொண்ட வரியில் ஒரு நீண்ட விளக்கம் வந்து விழுந்தால் அவர் படித்துக்கொண்டிருந்த வாக்கியமே கையை விட்டு நழுவிவிடும்.

போவதைவிடத் திரும்பி வருவதே கடினம். பட்டியலில் பன்னிரண்டாம் பதிவைக் கேட்டு முடித்தவர் கட்டுரையின் நடுவே விட்ட அந்தச் சொல்லுக்கு எப்படித் திரும்புவார்? அக்ரோபாட் போன்ற மென்பொருள்களில் ஆல்ட் விசையோடு இடது அம்பை அழுத்தினால் முந்தைய காட்சிக்குப் போகலாம். இங்கும் அதே சிக்கல்தான்: முந்தைய காட்சி என்பது முந்தைய பக்கத் தோற்றம், குறிமுள் விட்ட சொல்லிலேயே போய் நிற்கும் என்ற உறுதி கிடையாது. இடையில் வாசகர் பட்டியலில் மேலும் கீழும் அலைந்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும். ஆகவே மென்பொருளின் நினைவாற்றலை மட்டும் நம்பாமல், திரும்பும் வழியை ஆவணத்திலேயே அமைத்துவிடுவதுதான் சரி. ஹைப்பர்ரெஃப் தொகுப்பிலும், துணைநூற்பட்டியலை அமைக்கும் பிப்லாடெக் தொகுப்பிலும் இதற்கென பேக்ரெஃப் என்ற தெரிவு நெடுங்காலமாகவே இருக்கிறது. ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அந்தச் சான்று எந்தெந்தப் பக்கங்களில் எடுத்தாளப்பட்டது என்பதை அது இணைப்புகளாகச் சேர்க்கிறது. பக்க எண்ணை மட்டும் உதிரியாக வைத்தால் அது கட்டுரையின் பக்க எண்ணோடு கலந்து குழப்பும் என்பதால், “எடுத்தாளப்பட்ட பக்கங்கள்” என்று சொல்லாகவே முன்னால் எழுதிவிட வேண்டும்.

இதிலும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. ஒரே சான்று ஐந்து இடங்களில் எடுத்தாளப்பட்டிருந்தால், அந்த ஐந்து இணைப்புகளில் தாம் புறப்பட்டுவந்தது எதிலிருந்து என்பதை வாசகர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். பக்க எண்ணுக்குப் பதிலாக இயலின் அல்லது பிரிவின் எண்ணைச் சொன்னால் அவருக்கு இது எளிது, ஏனெனில் திரைவாசிப்பானால் படிப்பவர் ஆவணத்தில் தாம் இருக்கும் இடத்தைப் பக்கங்களைவிடத் தலைப்புகளைக் கொண்டே அறிந்துகொள்கிறார். பிரிவு எண்ணைக் கொண்டு திரும்பும் வழியமைக்கும் தெரிவு ஹைப்பர்ரெஃபில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

துணைநூற்பட்டியலின் உள்ளமைப்புக்கு வருகிறேன். பட்டியல் என்பது உண்மையிலேயே பட்டியலாகக் குறியிடப்பட்டிருக்க வேண்டும்: ஒவ்வொரு பதிவும் ஓர் உருப்படி, அதன் எண் அந்த உருப்படியின் முகப்பு, மற்றவை உடல். அப்படி இருந்தால் திரைவாசிப்பான் உள்ளே நுழையும்போதே எத்தனை உருப்படிகள் உள்ளன என்று சொல்லும்; பயனர் உருப்படி உருப்படியாகத் தாவலாம். பிடிஎஃப் 1.7-இல் துணைநூற்பதிவுக்கென்றே பிப்என்ட்ரி என்ற தனி உறுப்பு இருந்தது, பிடிஎஃப் 2.0-இன் புதிய உறுப்புத் தொகுதியில் அது இடம்பெறவில்லை. இதைக் குறித்து வருந்துவோர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருத்தம் அதிகம் இல்லை. வாசிப்பு மென்பொருள்கள் கண்டுகொள்ளாத ஒரு சிறப்புப் பெயரைவிட, எல்லா மென்பொருள்களும் புரிந்துகொள்ளும் எளிய பட்டியல் அமைப்பு வாசகருக்கு உண்மையில் உதவுகிறது. வலைப்பக்கங்களுக்கும் மின்னூல்களுக்கும் வலைத் தரநிலை அமைப்பான டபிள்யு3சி வகுத்த, எந்தப் பகுதி எது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் டிபப்-ஏரியா பாத்திரப் பெயர்களிலும் இதே போக்கைக் காணலாம். துணைநூற்பட்டியலுக்கும், அதைச் சுட்டும் இணைப்புக்கும், திரும்பும் இணைப்புக்கும் 2017-இல் தனித்தனிப் பெயர்கள் தரப்பட்டன. ஒற்றைப் பதிவுக்குத் தரப்பட்ட பெயர் மட்டும் பின்னர் கைவிடத்தக்கதாக அறிவிக்கப்பட்டது; வழக்கமான பட்டியல் உருப்படியே அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது.

பட்டியல் பெரும்பாலும் ஒரு பக்கத்தோடு முடிவதில்லை என்பதால் பக்க எல்லையில் நிகழ்வதைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிவு பக்கத்தின் அடியில் தொடங்கி அடுத்த பக்கத்தின் உச்சியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். தலைப்பட்டையும் பக்க எண்ணும் திரைவாசிப்பான் படிக்காமல் விடும் அலங்காரப் பகுதியாக ஒதுக்கப்படாவிட்டால், கேட்பவர் காதில் விழுவது இதழின் பெயர், தொகுதி எண், “துணைநூற்பட்டியல் 213”, பிறகு கட்டுரையின் பக்க எண்கள். இந்த 213 என்பது அந்தப் பதிவைச் சேர்ந்த எண் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்? எண்களாலேயே ஆன ஒரு பகுதிக்குள் தவறான எண் ஒன்று நுழைவது, உரைநடைக்குள் நுழைவதைவிடப் பன்மடங்கு தீங்கானது. அவர் அதை அப்படியே தம் ஆய்வேட்டில் படியெடுத்துக்கொள்ளக்கூடும்.

அச்சில் இடம் மிச்சம் பிடிப்பதற்காகத் தோன்றிய சில பழக்கங்கள் காதுக்குக் கொடியவை. ஒரே ஆசிரியரின் அடுத்தடுத்த நூல்களுக்குப் பெயரை மீண்டும் எழுதாமல் நீண்ட கோடு இடுவது அவற்றுள் ஒன்று. திரைவாசிப்பான் அந்தக் கோட்டை விட்டுவிட்டால் பதிவு ஆசிரியரே இல்லாமல் தொடங்கும். விடாமல் வாசித்தால் “கோடு கோடு கோடு” என்று ஒலிக்கும். இணைப்பின் வழியாக நேரே அந்தப் பதிவுக்கு வந்திறங்கியவருக்கோ, மேலே இருக்கும் பெயர் கண்ணில் படும் வாய்ப்பே இல்லை. “மேலது” என்று மட்டும் இடும் அடிக்குறிப்பும் அத்தகையதே: எதற்கு மேல், எவ்வளவு மேல் என்பதைப் பக்கத்தின் தோற்றம் சொல்லும், ஒலி சொல்லாது. சிகாகோ நடைக் கையேடு 2017-இல் வந்த பதினேழாம் பதிப்பில் இவ்வகைக் குறிப்பைத் தவிர்த்து, ஆசிரியரின் பெயரும் சுருக்கிய தலைப்பும் இடுமாறு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரையைப் பின்பற்றினால் எந்தக் குறிப்பையும் அதனளவிலேயே புரிந்துகொள்ளலாம். இடம் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். திரையில் படிக்கப்படும் ஆவணத்தில் அந்த இடத்துக்கு விலை இல்லை.

ஒரே பட்டியலில் பல மொழி நூல்கள் கலந்துவரும்போது மொழிக் குறிப்பு இன்றியமையாதது. ஆங்கிலப் பட்டியலின் நடுவே வரும் தமிழ்த் தலைப்புக்கோ பிரெஞ்சுத் தலைப்புக்கோ அதன் மொழி எது என்று கோப்பில் குறிக்கப்படாவிட்டால், ஆங்கிலக் குரல் அதைத் தன் ஒலிப்பிலேயே சிதைக்கும், அல்லது ஒன்றும் சொல்லாமல் தாண்டிவிடும். பிப்லாடெக்கின் தரவுக் கோப்பில் ஒவ்வொரு பதிவின் மொழியையும் குறிப்பதற்குத் தனிப் புலமே உள்ளது. அதை நிரப்பப் பதிவுக்கு ஒரு வரி போதும். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை இன்னொரு படியும் தேவை. பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் அடித்த தலைப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. திரைவாசிப்பான் அவற்றைத்தான் படிக்கும். ஒருங்குறிக்கு மாற்றாமல் அந்தத் தலைப்பை அணுகத்தக்கதாக்க வேறு வழி இல்லை. ஒருங்குறியிலும், ஒகர ஓகார எழுத்துகளின் முன்கொம்பு மெய்க்கு இடப்புறம் வரையப்படுவதால், கோப்பிலிருந்து உரையை எடுக்கும்போது வரிசை பிறழ்ந்து வரக்கூடும். உண்மை உரையைக் கோப்பிலேயே பதிந்துவைக்கும் வசதி அதற்காகவே பிடிஎஃபில் இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளுக்குத் தரப்படும் நிலையான இணைய அடையாளமான டிஓஐ முகவரிகளைப் பற்றிச் சுருக்கமாக: முழு முகவரியையும் பட்டியலில் காட்டுவதையே அவற்றைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு பரிந்துரைக்கிறது, அச்சுத்தாளில் படிப்பவருக்கு அது தேவையும்கூட. அது எழுத்தெழுத்தாக ஒலிப்பது தொல்லைதான் என்றாலும், பதிவின் கடைசியில் வைத்துவிட்டால் கேட்பவர் அடுத்த உருப்படிக்குத் தாவிவிடலாம். முகவரி இரண்டு வரிகளில் உடைந்தால் இரண்டு தனி இணைப்புகளாகப் பிரியாமல் ஒரே இணைப்பாகக் கட்டமைப்பில் பதிவாக வேண்டும்.

நிறத்தையும் பார்த்துவிடுவோம், ஏனெனில் குறைபார்வை உள்ளவர்களும் இந்த ஆவணங்களின் வாசகர்களே. ஹைப்பர்ரெஃபில் வண்ண இணைப்புகளைக் கோரினால் சான்றுக்குறிப்புகள் இயல்பாகவே பளிச்சென்ற பச்சையில் வருகின்றன. வெள்ளைத் தாளில் அந்தப் பச்சையின் மாறுபாடு ஏறத்தாழ 1.4-க்கு 1, வலை அணுகல்தன்மைக்கான டபிள்யுசிஏஜி நெறிமுறை சாதாரண அளவு எழுத்துக்குக் கேட்பது 4.5-க்கு 1. அடர்நீலம் போன்ற நிறத்துக்கு மாற்ற ஒரே வரி போதும், ஆனாலும் அந்தப் பச்சை இன்றும் எத்தனையோ ஆய்வேடுகளில் பக்கத்துக்குப் பக்கம் மங்கி நிற்கிறது.

இத்தனையையும் எண்ணிப் பார்க்கும்போது என்னை மிகவும் உறுத்துவது ஒன்றுண்டு. அணுகல்தன்மைக்கு வேண்டிய தரவுகள் எல்லாம் தொடக்கத்திலேயே நம் கையில் இருக்கின்றன. 1985-இல் ஓரன் படாஷ்னிக் எழுதிய துணைநூற்பட்டியல் மென்பொருளான பிப்டெக் காலம் தொட்டு, நம் தரவுக் கோப்பில் ஆசிரியர், தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம் என ஒவ்வொன்றும் பெயரிட்ட தனிப் புலத்தில்தான் அமர்ந்திருக்கிறது. எது நூலின் பெயர், எது கட்டுரையின் பெயர் என்று அந்தக் கோப்புக்குத் தெரியும். அச்சுக்கோக்கும் கணத்தில் அந்த அறிவெல்லாம் சாய்வெழுத்தாகவும் காற்புள்ளியாகவும் உருகிவிடுகிறது. சாய்வெழுத்தைப் பெரும்பாலான திரைவாசிப்பான்கள் இயல்பாக அறிவிப்பதில்லை என்பதால், கேட்பவருக்குக் கட்டுரைத் தலைப்பு எங்கே முடிந்து இதழின் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதே புலப்படாமல் போகிறது. இருந்ததை அழித்துவிட்டு, பிறகு அதை மீட்க வேறொரு மென்பொருளில் கையால் குறியிட்டுக்கொண்டிருக்கிறோம். இது வீண் உழைப்பு. பிழை திருத்தி ஆவணத்தை மீண்டும் உருவாக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கைவேலை முழுவதும் அழிந்தும் போகிறது.

லாடெக் குழு 2020 முதல் முன்னெடுத்துவரும் குறியிட்ட பிடிஎஃப் திட்டத்தின் மீது நான் வைத்திருக்கும் நம்பிக்கை இதனால்தான். உல்ரிக்கே ஃபிஷரின் டேக்பிடிஎஃப் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு, மூலக் கோப்பிலிருந்தே கட்டமைப்பு தானாக உருவாகும்படி அவர்கள் லாடெக்கின் உட்பகுதிகளை மாற்றிவருகிறார்கள். ஆவணத்தின் தொடக்கத்தில், ஆவண வகையை அறிவிக்கும் கட்டளைக்கும் முன்னால், டாக்குமென்ட்மெட்டாடேட்டா என்ற கட்டளையில் தரநிலையையும் மொழியையும் குறித்துக் குறியிடலை இயக்கினால், சான்றுக்குறிப்புகளும் துணைநூற்பட்டியலும் குறியிடலுக்குள் வந்துவிடுகின்றன. எல்லாத் தொகுப்புகளும் இதனோடு இணங்கிவிடவில்லை. இதழ்கள் தரும் பழைய வார்ப்புருக்கள் பலவும் தடையாக நிற்கின்றன. ஆகவே புதிய ஆய்வேடு ஒன்றைத் தொடங்குபவர், எந்தத் தொகுப்புகள் இணங்குகின்றன என்று லாடெக் குழு வெளியிட்டுப் புதுப்பித்துவரும் பட்டியலைப் பார்த்துவிட்டே, தொகுப்புகளை அறிவிக்கும் தம் கோப்பின் முகப்புரையை எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். முந்நூறு பக்கம் எழுதிய பிறகு தொகுப்பை மாற்றுவது பெரும் துன்பம். வலைவடிவத்தையும் சேர்த்து வழங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஆய்வுக் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஆர்க்சிவ் 2023 டிசம்பர் முதல் லாடெக்கில் வரும் கட்டுரைகளுக்கு எச்டிஎம்எல் வடிவத்தையும் தரத் தொடங்கியிருக்கிறது. வலை உலாவியில் பின்செல்லும் விசை பெரும்பாலும் விட்ட இடத்துக்கே கொண்டுசேர்க்கிறது.

சோதனையைப் பற்றி ஒரு சொல். வெராபிடிஎஃப், பேக் போன்ற சோதனைக் கருவிகள் இன்றியமையாதவை, ஆனால் அவை பச்சைக்கொடி காட்டியதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பிடிஎஃப்/யுஏ-1-க்கான மேட்டர்ஹார்ன் நெறிமுறை 31 சோதனைப் புள்ளிகளில் 136 குறை நிலைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் கணிசமானவற்றை மனிதர்தான் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. இணைப்புக்கு விளக்கம் இருக்கிறதா என்பதைக் கருவி சொல்லும். அந்த விளக்கம் உதவுகிறதா, இடையூறு செய்கிறதா என்று அதனால் சொல்ல முடியாது. எந்த ஆவணத்தையும் அனுப்புமுன் நான் செய்யும் சோதனை இதுதான்: கட்டணமின்றிக் கிடைக்கும் என்விடிஏ திரைவாசிப்பானை இயக்கி, திரையை அணைத்துவிட்டு, நடு இயலில் ஒரு பத்தியைக் கேட்கத் தொடங்குகிறேன். முதலில் வரும் சான்றுக்குறிப்பில் என்டர் விசையை அழுத்துகிறேன். பதிவு முழுவதையும் கேட்டு, ஆசிரியரையும் தலைப்பையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொள்கிறேன். பிறகு திரும்பி வந்து, விட்ட வாக்கியத்தின் அடுத்த சொல்லைக் கேட்கிறேன். அந்தச் சொல் வராவிட்டால் ஆவணம் என் மேசையை விட்டுப் போவதில்லை.